குட்டைக் கால் வேலி

அத்தியாயம் 17

அம்மா பிடித்த பிடியில் ஜெயித்துவிட்டாள். போன வாரமே எல்லோரும் எதிர்பார்த்ததுதான். மகன் கண்டுபிடித்த வேலி ஏரிக்கரைப் புதுச் சாலையில் நிற்கிறது. அந்தச் சாலையில் முதல் நாள் பஸ் ஓட்டப் போவது மாப்பிள்ளை. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்து என்னத்தைக் கிழிக்கப் போகிறேன் என்று கேட்டவளுக்கு யார் பதில் சொல்வது? இன்று காலை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முதல் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து இருக்கைக்கு யார் வந்தாலும் சரி, இறங்குவதற்குள் அவருக்குச் சொல்லி முடிக்க வேண்டிய கதைகள் அவளிடம் நிறைய இருந்தன.

போனை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டாள். சமையலறையில், சார்ஜரில். அது எப்போதும் அங்கேதான் இருக்கும். செல்போன் என்று பேர்தானே தவிர, அம்மாவுடையது சுவரை விட்டு நகர்ந்ததே இல்லை.

மாப்பிள்ளையைப் பற்றி வாரா வாரம் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காக: நல்ல மனிதர். எவ்வளவு கோபம் வந்தாலும் கையிலிருக்கும் பேப்பரை மடித்து வைப்பார், அவ்வளவுதான். ஸ்டீயரிங்கைத் தொடுவதற்கு முன்னால் போனை அணைத்துவிடுவார். கல்யாணமான புதிதில் அவர் மனைவி, அம்மாவின் மூத்த மகள் பெரியவள் போட்ட சட்டம் அது.

"வண்டி ஓட்டும்போது, நான் செத்துட்டேன்னு போன் வந்தாலும் எடுக்கக் கூடாது" என்றாள். அவர் சரி என்றார். அதற்கப்புறம் ஒரு தடவைகூட எடுத்ததில்லை.

பெரியவளுக்கு அப்படிச் சட்டம் போட உரிமை உண்டு. வண்டிகளை மோதவிடுவதுதான் அவள் பிழைப்பு. சாலையோரத் தடுப்பு வேலிகளைச் சோதிக்கும் யார்டுக்கு அவள்தான் பொறுப்பு. கழித்துக்கட்டிய கார், வேன் என்று எதையாவது கேபிளில் கட்டி, வேகமாக இழுத்து வேலியில் மோதவிடுவாள். வேலி வண்டியைத் திருப்பிச் சாலைக்கே அனுப்பினால் பாஸ். வண்டியை அந்தப் பக்கம் விட்டுவிட்டால் ஃபெயில். மற்ற வீடுகளில் ஆபீஸிலிருந்து வருகிறவளிடம் வேலை எப்படி இருந்தது என்று கேட்பார்கள். இவளிடம் இன்றைக்கு எதை இடித்தாய் என்பார்கள்.

மோதுகிற வண்டியில் டிரைவர் இடத்தில் ஒரு பொம்மை உட்காரும். ஆள் எடை, ஆள் உயரம். துணி கிழிந்து போயிற்றே என்று பெரியவள் ஒரு நாள் வீட்டிலிருந்து கணவரின் பழைய நீல யூனிஃபார்ம் சட்டையைக் கொண்டுவந்து அதற்குப் போட்டுவிட்டாள். எத்தனை அடி வாங்கினாலும் வாய் திறக்காத பொம்மை என்பதால் யார்டில் அதற்கு 'சின்ன மாப்பிள்ளை' என்று பேர் விழுந்துவிட்டது. நிஜ மாப்பிள்ளைக்கும் இது தெரியும். ஒரு தடவை நேரில் வந்து பார்த்துவிட்டு, சட்டை என்னைவிட அவனுக்குத்தான் பொருத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி சின்னவன். பெரியவளின் தம்பி, வேலியைக் கண்டுபிடித்தவன், அம்மாவின் செல்லம். வழக்கமாக வேலிக் கம்பம் இடுப்பளவு ஆழத்துக்கு மண்ணுக்குள் போக வேண்டும். சின்னவனின் கம்பத்துக்கு முழங்கால் அளவே போதும். இரும்பு மிச்சம், வேலையும் சீக்கிரம் முடியும். யார்டில் அதைக் குட்டைக் கால் வேலி என்றார்கள். பெரியவள் அதில் ஒரு வேனை மோதவிட்டாள். கம்பங்களில் மாட்டிய இரும்புப் பட்டை வளைந்து கொடுத்து, வேனை அழகாகத் திருப்பிச் சாலைக்கு அனுப்பியது. சரி என்று அவள் கையெழுத்துப் போட்ட அன்று, சின்னவன் அக்காவை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். இந்த உயரம் போதுமா, லாரி மோதினால் என்ன ஆகும், மழை பெய்தால் என்ன ஆகும் என்று யார் என்ன கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது. தாங்கும்.

இவ்வளவும் நீங்கள் அறிந்த கதை. இன்றைய கதை ஒரு சத்தத்தில் ஆரம்பித்தது. சரியாகச் சொன்னால், வர வேண்டிய சத்தம் வராததில்.

புது வேலிக்கு ஆர்டர் கொடுக்க இன்று மதியம் வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் கண்ணில் முதலில் படட்டும் என்று, யார்டின் வாசலிலேயே ஒரு துண்டு வேலியை நட்டுவைக்கச் சொல்லியிருந்தான் சின்னவன். கம்பம் அடிக்கும் மெஷினை ஓட்டுகிறவரை எல்லோரும் சுத்தியல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மெஷினை வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பெரியவள் பார்த்தாள். அந்த மெஷின் ஓடினால் அறையில் யாரும் யாருடனும் பேச முடியாது. ஒவ்வொரு அடிக்கும் இரும்பு அலறும். கண்ணாடி டம்ளர் மேஜையில் நகரும்.

இன்று டம்ளர் நகரவில்லை. தொப், தொப் என்று ஏதோ கேட்டது, நின்றுவிட்டது. மெஷின் ரிப்பேர் போலிருக்கிறது என்று அலுத்துக்கொண்டே வெளியே போனாள்.

கம்பங்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. சுத்தியல் பட்டையையும் மாட்டி முடித்துவிட்டு, போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு வாயெல்லாம் பல்.

"இன்னைக்கு மெஷினுக்கு வேலையே இல்லைங்க. தானா இறங்குது" என்றார்.

பெரியவள் ஒரு கம்பத்தின் தலையில் கை வைத்து அசைத்துப் பார்த்தாள். ஆடியது. விழப்போகிற பால் பல் ஆடுவதுபோல, வேரோடு ஆடியது. அடுத்ததும் ஆடியது.

அவள் திரும்பி, யார்டுக்குள் வழக்கமாகச் சோதனை நடக்கும் வரிசைக்குப் போனாள். சுத்தியலைக் கூப்பிட்டு, அதே குட்டைக் கம்பத்தில் ஒன்றை அங்கே அடிக்கச் சொன்னாள். மெஷின் அலறியது. அறைக்குள் டம்ளர் நகர்ந்திருக்கும். கம்பம் முழங்கால் ஆழத்துக்கு இறங்குவதற்குள் சுத்தியலுக்கு வியர்த்துவிட்டது. அவள் அதில் தன் முழு எடையையும் சாய்த்துத் தள்ளிப் பார்த்தாள். இம்மி அசையவில்லை.

அவள் குனிந்து காலடி மண்ணைப் பார்த்தாள். எத்தனையோ வருடமாக எல்லாச் சோதனையும் இந்த ஒரே வரிசையில்தான் நடக்கிறது. கேமராக்கள் இதைப் பார்த்துத்தான் சிமென்ட்டில் நிற்கின்றன. வண்டியை இழுக்கும் கேபிள் இங்கேதான் வந்து முடிகிறது. ஒவ்வொரு சோதனைக்கும் பிறகு வளைந்த கம்பத்தைப் பிடுங்குவார்கள். குழியில் ஜல்லியைக் கொட்டி இடிப்பார்கள். அடுத்த கம்பத்தையும் அதே குழியில் அடிப்பார்கள். மறுபடி பிடுங்குவார்கள், மறுபடி இடிப்பார்கள். இப்படியே இடித்து இடித்து அந்த மண் பாறையாகிவிட்டது. உலகத்தில் எந்தச் சாலையோரத்திலும் அப்படி ஒரு மண் கிடையாது.

அந்த மண்ணைத்தான் அவள் தினமும் மிதித்தாள். ஒரு நாள்கூட அதைச் சந்தேகப்படவில்லை. வண்டியைச் சோதித்தாள், இரும்பைச் சோதித்தாள், போல்ட்டைச் சோதித்தாள். மண்ணை விட்டுவிட்டாள். சின்னவனின் குட்டைக் காலைப் பிடித்து நிறுத்தியது அவன் மூளை இல்லை, இந்த வரிசை. இதுகூடத் தெரியாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறாளே. தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

சின்னவனைக் கூப்பிட்டனுப்பினாள். புதுச் சட்டையில், வரப்போகிறவர்களுக்காக வாரிய தலையோடு வந்தான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டான். வாசல் கம்பத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, ராத்திரி பெய்த மழையில் மண் ஊறியிருக்கிறது, காய்ந்தால் இறுகிவிடும் என்றான். பட்டை எல்லாக் கம்பத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், தாங்கும் என்றான்.

ஏரிக்கரை மண் எப்படி என்று அவள் கேட்டாள். சாலைக்காகப் புதிதாகக் கொட்டி நிரப்பிய மண்தானே, ராத்திரி மழை அங்கே மட்டும் பெய்யாமலா இருந்திருக்கும் என்றும் கேட்டாள்.

"யாராவது போய் மோதினாத்தானேக்கா?"

"மோதுவாங்கன்னுதானேடா வேலி போடுறோம்."

அதற்கு மேல் அவள் பேசிக்கொண்டிருக்கவில்லை. கழித்துக்கட்டிய வேன் ஒன்று மேட்டில் நின்றது. மேட்டிலிருந்து வாசல்வரை நல்ல சரிவு. கேபிள் தேவையில்லை, கேமரா தேவையில்லை, தள்ளிவிட்டால் போதும் என்றாள். ஸ்டீயரிங்கைக் கட்டச் சொன்னாள். சின்ன மாப்பிள்ளையைத் தூக்கிவந்து டிரைவர் இடத்தில் உட்காரவைத்து பெல்ட்டும் போட்டாள்.

ஆட்கள் வருகிற நேரத்தில் வாசலை அலங்கோலம் பண்ணப் போகிறாயா என்று சின்னவன் குறுக்கே வந்து நின்றான். அக்காவுக்குப் பொறாமை என்றுகூட ஒரு வார்த்தை விட்டான். அவள் காதில் வாங்கவில்லை. வேனின் கைபிரேக்கை அவளே எடுத்துவிட்டாள்.

வேன் நிதானமாகத்தான் இறங்கியது. சோதனையில் மோதுகிற வேகத்தில் பாதிகூட இருக்காது. பக்கவாட்டில் சாய்வாக வந்து பட்டையை உரசியது. பட்டை வளையவே இல்லை. அதற்குப் பதில் கம்பங்கள் ஒவ்வொன்றாக, அசதியில் சாய்கிற ஆட்களைப்போலச் சாய்ந்தன. மண் பிளந்து வேரோடு கிளம்பியது. பட்டை தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. வேன் அதன்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, மதிலில் முட்டி நின்றது.

வண்டியைத் தடுப்பதற்காகப் போட்ட வேலி அது. வேனுக்கு வழி போட்டுக் கொடுத்துவிட்டது.

கதவைத் திறந்து பார்த்தார்கள். பொம்மை பக்கத்து இருக்கையில் குப்புறச் சாய்ந்து கிடந்தது. நீலச் சட்டையின் ஒரு கை ஜன்னலுக்கு வெளியே தொங்கியது. சுத்தியல் பழக்கத்தில் சிரித்து, "சின்ன மாப்பிள்ளை கவுந்துட்டார்" என்று ஆரம்பித்தார். பெரியவளின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் போனை எடுத்தாள். கணவரின் போன் அணைக்கப்பட்டிருந்தது. அணைந்துதான் இருக்கும், அவள் போட்ட சட்டமாயிற்றே. தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்தாள். அம்மாவின் எண் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. பூட்டிய வீட்டில், சமையலறைச் சுவரோரம் அது தனியாக அலறுவதை அவளால் இங்கிருந்தே பார்க்க முடிந்தது. பஸ் டிப்போவில் ஒருவர் எடுத்தார். வண்டி அப்போதே கிளம்பிவிட்டது, கண்டக்டர் இல்லாத வண்டி, ஏரிக்கரைச் சாலையில் நடுவில் நிறுத்தமே கிடையாது, அந்தக் கோடிக்குப் போனதும் சொல்கிறேன் என்றார்.

சாலை அதிகாரியைப் பிடித்தாள். சாலையை மூடச் சொன்னாள். அவர் நிதானமான மனிதர், குரலை உயர்த்தாமலே பேசினார். சோதித்துச் சரி என்றதும் நீங்கள்தான், இப்போது இல்லை என்பதும் நீங்கள்தான், நான் எதை நம்புவது என்றார். இன்று காலைதான் திறந்த சாலை. வேலியைச் செய்தவர் தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த நிமிஷமே மூடுகிறேன் என்றார்.

பெரியவள் போனைத் தம்பியிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. படுத்துக் கிடந்த பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது முறை நீட்டியபோது, தரையைப் பார்த்தபடியே பேசினான்.

"அன்னைக்கே சொன்னாங்கக்கா."

யார், எதை என்று கேட்டாள். வேலியைப் போட்ட ஆட்கள்தான் சொன்னார்களாம். ஏரிக்கரை வளைவில் கம்பம் நிற்கமாட்டேன் என்கிறது, ஆடுகிறது, இன்னும் நீளமான கம்பம் அனுப்புங்கள் என்றார்களாம். நீளமான கம்பம் போட்டால் அப்புறம் அது குட்டைக் கால் வேலியே இல்லையே. பட்டையை மாட்டிவிடுங்கள், தாங்கும் என்று சொல்லியிருக்கிறான்.

"என்கிட்ட ஏன்டா சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ மறுபடி இடிச்சுப் பாத்திருப்பே."

அவளுக்கு அவனை அடிக்கத் தோன்றவில்லை. அழத்தான் தோன்றியது. சின்ன வயதில் எதை உடைத்தாலும் முதலில் அவளிடம்தான் ஓடி வருவான். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவளைத்தான் கேட்பான். அவள் அவனைச் சோதிக்கிற இடத்துக்கு வந்த பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. இன்றுவரை அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"நான் மண்ணைப் பாக்காம விட்டேன். நீ தெரிஞ்சும் விட்டே. அதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். "அம்மா அந்த பஸ்ல இருக்காங்கடா. இப்பப் பேசு."

சின்னவன் போனை வாங்கினான். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

"நான்தான் அந்த வேலியைச் செஞ்சவன். அது நிக்காது. சாலையை மூடிருங்க."

சொல்லிவிட்டான். அவன் கனவு, வரப்போகிற ஆர்டர், புதுச் சட்டை எல்லாம் அந்த வார்த்தையோடு போயிற்று. அதிகாரி இரண்டு கோடியிலும் உடனே தடுப்புப் போடுகிறேன் என்றார், சொன்னபடி ஆட்களுக்குக் குரல் கொடுத்ததும் கேட்டது. காலை பஸ் போய்விட்டதா என்று சின்னவன் கேட்டான்.

"அது கொஞ்சம் முன்னாடியே உள்ள போயிருச்சே" என்றார் அதிகாரி.

மறுபடி மழை பிடித்துக்கொண்டது. மூவரும் வாசல் காவலாளியின் சின்ன அறைக்குள் ஒதுங்கி நின்றார்கள். சுத்தியல் மட்டும் ஒரு தடவை, மாப்பிள்ளை ஓட்டுற வண்டிக்கு வேலியே தேவையில்லைங்க என்று தைரியம் சொன்னார். பெரியவள் தலையாட்டினாள். அவளும் அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் நல்ல டிரைவர். யாரும் மோதாவிட்டால் வேலி படுத்திருந்தால் என்ன, நின்றால் என்ன. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். போனை எடுத்துப் பார்ப்பார், இத்தனை தடவையா கூப்பிட்டாய் என்று சிரிப்பார்.

அப்போது போன் அடித்தது. கணவரின் எண்.

இவ்வளவு நேரமும் அவள் கெஞ்சிக் காத்திருந்த எண்தான். ஆனால் அதைப் பார்த்ததும் அவள் விரல்கள் எடுக்க மறுத்தன. ஓட்டும்போது அவர் போனைத் தொடமாட்டார். அப்படியென்றால் பஸ் நின்றுவிட்டது. சாலை முடிய இன்னும் நேரம் இருக்கிறது. நடுவில் நிறுத்தமே கிடையாது.

எடுத்தாள். பேசியது அவர் இல்லை, அம்மா. தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருக்கும்போது பேசுவதுபோல மிகவும் மெதுவாகப் பேசினாள்.

"சத்தம் போடாம கேளு. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். எதிர்ல ஒரு வண்டி வந்துச்சு, இவர் ஒதுங்கினார், ஓரம் அப்படியே வழுக்கிருச்சு. இப்ப வேலி மேல சாஞ்சு நிக்கிறோம்."

இறங்கிவிடுங்கள் என்று பெரியவள் சொல்ல வாயெடுத்தாள். அம்மா விடவில்லை. பஸ்ஸின் வாசல் ஏரிப் பக்கம் இருக்கிறது என்றாள். மாப்பிள்ளை எல்லோரையும் ஒவ்வொருவராக மேட்டுப் பக்க இருக்கைகளுக்கு நகர்த்திவிட்டு, யாரும் அசையக் கூடாது, அசைந்தால் வண்டி சரிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். போனை அம்மாவிடம் கொடுத்து, உங்கள் பெண்ணைக் கூப்பிடுங்கள், இந்த விஷயம் அவளுக்குத்தான் தெரியும் என்றாராம். பிறகு டிரைவர் கதவு வழியாக, கம்பங்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனாராம்.

"போனவர் இன்னும் வரலை" என்றாள் அம்மா. "சின்னவன் பக்கத்துல இருக்கானா? அவன்கிட்ட குடு."

பெரியவள் போனைத் தம்பியின் காதில் வைத்தாள்.

"கண்ணு, உன் வேலிதான்" என்றாள் அம்மா. "இது எவ்வளவு நேரம் தாங்கும்?"

சின்னவன் வாயைத் திறந்தான். ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அந்த ஒரு வார்த்தை, அம்மாவுக்குச் சொல்ல வரவில்லை. அம்மா என்று மட்டும் சொன்னான். மறுமுனையில் மழைச் சத்தம் கேட்டது. அதற்கு அடியில், இரும்பு மெல்ல நெரிகிற சத்தமும் கேட்டது.



"சரிப்பா" என்றாள் அம்மா. "புரிஞ்சுது."

போனை அவள் அணைக்கவில்லை. பக்கத்தில் யாரோ பயந்துபோய் எழுந்திருக்கப் பார்த்தார் போலிருக்கிறது. உட்காருங்கள் என்று அவரிடம் சொல்வது கேட்டது. எங்கே போகப் போகிறீர்கள், மெதுவாகப் போகலாம் என்றாள். பிறகு, அவர் மறுபடி எழுந்துவிடாதபடி, தன் மகன் சின்ன வயதில் பூனைக்குட்டியைச் சுற்றி ஸ்பூன்களை நட்டு முதன்முதலாக வேலி கட்டிய கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.